பாஷை தெரியாத ஊர்ல போய் எப்படி பேசினாங்க? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கு. மொழி தெரியாம அந்தக் காலத்து ஜனங்க எப்படி சமாளிச்சாங்கன்னு ஆளாளுக்கு ஒரு கோணத்துல கேட்டிருக்கீங்க, அதனால இந்தப் பக்கம் முழுக்க அதுதான். சினிமா, கிரிக்கெட் கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: கையில போன் இருந்தா இப்போ எந்த நாட்டுக்காரரோடயும் பேசிடலாம். ஒண்ணுமே இல்லாத காலத்துல ஒரு வியாபாரி புது தேசத்துல போய் இறங்கினா முதல்ல என்ன பண்ணியிருப்பார் சார்? சைகைதானா?

பதில்: சைகை கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். தண்ணி வேணும், பசிக்குது, இது எவ்வளவு, அவ்வளவுதான். பாதி பணம் இப்போ தரேன் மீதிய அடுத்த வருஷம் கப்பல் வரும்போது தரேன், சரக்கு நனைஞ்சிருந்தா திருப்பிடுவேன், இதெல்லாம் கையை ஆட்டி சொல்லிப் பாருங்க தெரியும்.

ஆனா ஒண்ணு, முழுசா தெரியாத ஜனங்க நடுவுல ஒருத்தர் திடீர்னு போய் குதிக்கிறது அப்போ ரொம்ப அபூர்வம். சரக்கு கை மாறி கை மாறித்தான் போகும், ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல இருக்கிறவங்க பாஷை அரைகுறையா தெரியும், அதுவே போதும். கருங்கடலுக்கு வடக்க இருந்த சிதியர்கள் கிழக்க ரொம்ப தூரம் போய் காரியம் முடிக்க ஏழு மொழிபெயர்ப்பாளர்கள வச்சு ஏழு மொழியில பேசினாங்கன்னு கிமு 5-ம் நூற்றாண்டுலயே கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கார்.

பேச்சே இல்லாத வியாபாரம் பத்தியும் அவரே ஒண்ணு சொல்றார். வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ்ங்கிற நகரத்து வியாபாரிங்க, அதாவது கார்த்தேஜ்காரங்க, ஆப்பிரிக்காவோட மேற்குக் கரையில கப்பல நிறுத்தி, சரக்க கடற்கரையில வரிசையா வச்சுட்டு, திரும்ப கப்பல்ல ஏறி புகை போடுவாங்களாம். புகையப் பார்த்து அந்த ஊர் ஜனங்க வந்து, சரக்குக்கு எவ்வளவு தரலாமோ அவ்வளவு தங்கத்த பக்கத்துல வச்சுட்டு தள்ளிப் போயிடுவாங்க. கப்பல்காரங்க இறங்கி பார்ப்பாங்க, கட்டுபடியாச்சுன்னா தங்கத்த எடுத்துக்கிட்டு கிளம்பிடுவாங்க, கட்டுபடியாகலன்னா மறுபடி கப்பல்ல போய் உக்காந்துக்குவாங்க, அவங்க வந்து இன்னும் கொஞ்சம் தங்கம் வைப்பாங்க. ரெண்டு பேருமே ஏமாத்த மாட்டாங்களாம். ஹெரடோட்டஸ் இத நேர்ல பாக்கல, கார்த்தேஜ்காரங்க சொன்னத எழுதினார், அதனால அந்த "ஏமாத்தவே மாட்டோம்"ங்கிறத மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் கேட்டுக்குவேன், விக்கிறவங்க வேற எப்படி சொல்லுவாங்க.

விலை பேசுறதுக்கு விரல் பாஷை ஒண்ணு இருந்துச்சு. இந்தியாவுக்கு பல தடவை வந்த 17-ம் நூற்றாண்டு பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே அத விளக்கியிருக்கார்: ரெண்டு பேரும் துணிக்கு அடியில கைய புடிச்சுக்குவாங்க, முழு கையையும் புடிச்சா ஆயிரம், அஞ்சு விரல புடிச்சா ஐநூறு, ஒரு விரல்னா நூறு, நடு மூட்டு வரைக்கும் அரை விரல்னா அம்பது, நுனி மட்டும்னா பத்து. சுத்தி இருக்கிற ஆளுங்களுக்கு விலை தெரியக்கூடாதுன்னு வந்த ஏற்பாடு இது, ஆனா விரலுக்கு எந்த பாஷையும் தேவையில்லாததால ரெண்டு காரியமும் நடந்துச்சு.

கேள்வி: வாஸ்கோடகாமா கோழிக்கோட்ல வந்து இறங்கினப்போ யார் மொழிபெயர்த்தாங்க? யோசிச்சு யோசிச்சு பாக்குறேன், போர்ச்சுகீசும் மலையாளமும் தெரிஞ்ச ஆள் அப்போ உலகத்துலயே இருந்திருக்க முடியாதே!

பதில்: நல்ல கேள்வி. நடுவுல அரபி இருந்துச்சு. 1498-ல காமா தானே முதல்ல கரைக்கு போகல, எதுக்கும் இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்திருந்த தண்டனைக் கைதி ஒருத்தர அனுப்பினார், அவருக்கு அரபியும் ஹீப்ருவும் தெரியும். போன ஆள கோழிக்கோட்டுக்காரங்க நேரா ரெண்டு துனீசியா வியாபாரிங்க வீட்ல கொண்டு போய் விட்டாங்க. அவங்க இவரப் பார்த்ததும் ஸ்பெயின் பாஷையில "உன்ன எந்த சாத்தான்டா இங்க கொண்டு வந்தான்"ங்கிற தினுசுல வரவேற்றிருக்காங்க, அந்தப் பயணத்துல போன ஒருத்தர் எழுதின குறிப்புலயே இருக்கு. உலகத்த சுத்திக்கிட்டு வந்து இறங்கினா அங்க ஏற்கனவே உங்க பாஷை தெரிஞ்ச ஆள் உக்காந்திருக்கார்!

இதுக்கு நேர் எதிரா 1492-ல கொலம்பஸ். ஆசியாவுக்குப் போறோம்னு நினைச்சு ஹீப்ரு, அரமேயம், கொஞ்சம் அரபி தெரிஞ்ச லூயி தெ தோரஸ்ங்கிறவர கூட்டிட்டுப் போனார். கியூபாவுல அவர உள்நாட்டுக்கு தூதா அனுப்பினாங்க, அங்க யாருக்கு அரபி தெரியும். காமாவுக்கு முன்னாடி பல நூறு வருஷமா அந்தக் கடல்ல வியாபாரிங்க போக வர இருந்தாங்க, கொலம்பஸுக்கு முன்னாடி அந்தப் பக்கம் அப்படி யாரும் இல்ல.

கேள்வி: துபாஷி வேலைங்கிறது எவ்வளவு பழசு?

பதில்: லூவ்ர் மியூசியத்துல சின்னதா ஒரு உருளை முத்திரை இருக்கு, மெசபடோமியாவுல, அதாவது இப்போதைய ஈராக் பக்கம், கிடைச்ச அக்காடியர் காலத்து முத்திரை, நாலாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. அதுல ஷு-இலிஷு, மெலுகா மொழிபெயர்ப்பாளர்னு எழுதியிருக்கு. மெலுகான்னா சிந்துவெளிதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதாவது நம்மால இன்னும் படிக்க முடியாத எழுத்த எழுதின ஜனங்களோட பாஷைய அங்க ஒருத்தர் பேசி, அதையே தொழிலா வச்சு, முத்திரையும் அடிச்சு வச்சிருந்திருக்கார். ரெண்டு வரி குறிப்பு விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா மனுஷன்!

சிரியாவுல இருக்கிற எப்லாவுல அதே சமயத்துக்கு கிட்டத்தட்ட எழுதின களிமண் பலகைகள்ல சுமேரிய வார்த்தையும் உள்ளூர் வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல போட்ட பட்டியல் கிடைச்சிருக்கு, கிடைச்ச அகராதிகள்ல ரொம்ப பழசு அதுதான்.

கேள்வி: அகராதி, பள்ளிக்கூடம் எல்லாம் பிறகு வந்தது. முதன்முதலா ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆள் எங்கிருந்து வந்தார்? அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க? (ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்காங்க)

பதில்: வந்த கேள்விகள்லயே இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, பதில்தான் கொஞ்சம் கசக்கும். பெரும்பாலும் யாரும் ஆசைப்பட்டு கத்துக்கல. கடத்திட்டு போனவங்க, அடிமையா வித்தவங்க, கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கினவங்க, பெரியவங்க விட்டுட்டுப் போன பசங்க, இவங்கதான் உலகத்தோட முதல் மொழிபெயர்ப்பாளர்கள்.

மெக்சிகோவ எடுத்துக்கோங்க. 1511-ல ஒரு ஸ்பானிய கப்பல் உடைஞ்சு, தப்பிச்சு கரை சேர்ந்தவங்கள்ல கடைசியா மிஞ்சினது ரெண்டு பேர், அகிலார், கெர்ரேரோ. மாயா ஜனங்க நடுவுல அடிமையா எட்டு வருஷம் இருந்து அகிலார் மாயா மொழி கத்துக்கிட்டார். 1519-ல மெக்சிகோவ பிடிக்க ஸ்பானிய தளபதி கோர்டெஸ் வந்ததும் அகிலார் ஓடி வந்து சேர்ந்துட்டார், கெர்ரேரோ வர மாட்டேன்னுட்டார், அவருக்கு அங்க கல்யாணம் ஆகி குழந்தைங்க, உடம்பெல்லாம் பச்சை. சரி ஒரு ஆள் கிடைச்சாச்சுன்னு கோர்டெஸ் சந்தோஷப்பட்டா, கொஞ்ச தூரம் போனதும் அகிலாருக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா ஆஸ்டெக் பேரரசோட பாஷை நவாட்ல், மாயா இல்ல. அங்கதான் மலின்ட்சின் வராங்க. நவாட்ல் பேசற குடும்பத்துல பிறந்து, சின்ன வயசுலயே அடிமையாக்கப்பட்டு மாயா பேசற ஊருக்கு கை மாறி, கடைசியில தோத்துப்போன ஒரு ஊர்க்காரங்க கோர்டெஸுக்கு காணிக்கையா கொடுத்த 20 பெண்கள்ல ஒருத்தரா வந்தவங்க. கோர்டெஸ் ஸ்பானிஷ்ல சொல்ல, அகிலார் அத மாயாவுல சொல்ல, மலின்ட்சின் நவாட்ல்ல சொல்ல, பேரரசர் மொக்தெசுமா பதில் சொன்னா அதே வழியில திரும்பி வரணும். சீக்கிரமே அவங்க ஸ்பானிஷும் கத்துக்கிட்டாங்க, அகிலார் தேவையில்லாம போயிட்டார். இன்னைக்கும் மெக்சிகோவுல அவங்கள துரோகின்னு திட்டுறவங்க உண்டு. ரெண்டு தடவை கை மாத்திவிடப்பட்ட ஒரு பொண்ணு யாருக்கு துரோகம் பண்ணாங்கன்னுதான் எனக்கு விளங்கல.

அதே மாதிரி, ஸ்பெயின் கப்பல்களோட மேற்கு வழியா ஆசியாவுக்கு கிளம்பின மெகல்லன் கூட போன என்ரிக்கே. 1511-ல மலாக்காவுல வாங்கின அடிமை. 1521-ல பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு போய்ச் சேர்ந்தப்போ என்ரிக்கே மலாய்ல பேச, அங்க இருந்த ராஜாவுக்கு புரிஞ்சிடுச்சு, அத்தனை நாள் பயணத்துக்கு கிடைச்ச பெரிய அதிர்ஷ்டம் அது. தான் செத்தா இவன விடுதலை பண்ணணும்னு மெகல்லன் உயில் எழுதி வச்சிருந்தார், சண்டையில அவர் செத்தும் போனார், ஆனா அடுத்து பொறுப்புக்கு வந்தவங்க உன்ன விட முடியாது, மொழிபெயர்க்க வான்னு மிரட்டினாங்க. கொஞ்ச நாள்ல செபு ராஜா வச்ச விருந்துல கப்பல்காரங்க நிறைய பேர வெட்டிப் போட்டாங்க, என்ரிக்கேதான் ராஜாவோட சேர்ந்து திட்டம் போட்டாருன்னு அந்தக் கப்பல்ல இருந்த பிகஃபெட்டா எழுதறார். நடுவுல நின்னு பேசற ஆள கறிவேப்பிலையா நினைச்சா இப்படியும் நடக்கும்.

பசங்கள விட்டுட்டுப் போறது தனி வழக்கமாவே இருந்துச்சு. 1608-ல வர்ஜீனியாவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் தாமஸ் சாவேஜ்ங்கிற 13 வயசு பையன பவ்ஹாட்டன்கிற பழங்குடித் தலைவர்கிட்ட விட்டுட்டு, பதிலுக்கு அவங்க ஆளுங்கள்ல ஒருத்தர வாங்கிக்கிட்டு போனாங்க. எகிப்து ராஜா சம்மெத்திகஸ் அதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எகிப்திய பசங்கள கிரேக்க சிப்பாய்ங்க குடியிருப்புல விட்டு கிரேக்கம் கத்துக்க வச்சிருக்கார். சின்னப் பசங்களுக்கு சீக்கிரம் பாஷை வரும்ங்கிறது எல்லா காலத்துலயும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்னு எங்கயும் எழுதல.

கேள்வி: அமெரிக்காவுல போய் இறங்கின வெள்ளைக்காரங்கள ஒரு செவ்விந்தியர் இங்கிலீஷ்ல வரவேற்றார்னு படிச்சேன். கட்டுக்கதைதானே?

பதில்: நிஜம். 1621-ல பிளைமவுத்துல நடந்தது. முதல்ல சமோசெட்னு ஒருத்தர் அரைகுறை இங்கிலீஷ்ல வந்து பேசினார், மீன் பிடிக்க வந்த ஆங்கிலேயர்கள்கிட்ட கத்துக்கிட்டது. அடுத்து வந்த டிஸ்குவாண்டம் நல்லாவே பேசினார், ஏன்னா 1614-ல ஒரு ஆங்கிலேய கேப்டன் அவர கடத்திட்டுப் போய் ஸ்பெயின்ல விக்கப் பார்த்து, அவர் எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1619-ல ஊர் திரும்பினா ஊர்ல ஒருத்தர் கூட உயிரோட இல்ல, எல்லாரும் நோய்ல போயிட்டாங்க. புதுசா வந்தவங்க குடியேறினதே அந்த காலியான ஊர்லதான். இங்கிலீஷ் வரவேற்பு ஏதோ அதிசயம் மாதிரி சொல்லப்படுது, அதுக்கு முன்னாடி நடந்தத விட்டுட்டு.

கேள்வி: ஒரு பாஷையில இருந்து இன்னொண்ணு, அங்கிருந்து வேறொண்ணுன்னு போனா சொன்ன விஷயம் கடைசியில உருப்படியா போய் சேருமா?

பதில்: சில சமயம் சேரும். 1805-ல லூயிஸ், கிளார்க் குழு அமெரிக்க மேற்குப் பக்கம் போனப்போ சேலிஷ் ஜனங்கள சந்திச்சாங்க. சேலிஷ் தலைவர் சொன்னத அவங்ககூட இருந்த ஒரு ஷோஷோனி பையன் ஷோஷோனி மொழியில சொல்ல, அத குழுவோட போன ஷோஷோனி பொண்ணு சாக்கஜவியா ஹிடாட்சா மொழியில சொல்ல, அவங்க புருஷன் ஷார்போனோ அத பிரெஞ்சுல சொல்ல, லபிஷ்ங்கிறவர் இங்கிலீஷ்ல சொல்ல, அப்புறம்தான் கேப்டன்கள் காதுக்கு. அஞ்சு பாஷை. சாக்கஜவியாவும் சின்ன வயசுல பிடிச்சிட்டுப் போகப்பட்டவங்கதான், அதனாலதான் அவங்களுக்கு ரெண்டு பாஷை. இவ்வளவு சுத்தியும் குதிரை வியாபாரம் ஒழுங்கா முடிஞ்சுது, ஏன்னா குதிரை கண்ணு முன்னாடி நிக்குது.

கண்ணுக்கு தெரியாத விஷயத்துலதான் சிக்கல். 1253-ல மங்கோலியர்கள்கிட்ட மதம் பரப்ப கிளம்பின பாதிரியார் ரூப்ருக் வில்லியமோட புலம்பல படிச்சா சிரிப்பு வரும். பிரசங்கம் பண்ணலாம்னு ஆரம்பிச்சா மொழிபெயர்ப்பாளர் "என்ன பிரசங்கம் பண்ண சொல்லாதீங்க, அந்த வார்த்தையெல்லாம் எனக்கு வராது"ன்னுட்டார். பின்னாடி பாதிரியாருக்கே கொஞ்சம் பாஷை பிடிபட்டதும் கவனிச்சா, இவர் ஒண்ணு சொல்ல அந்த ஆள் வாய்க்கு வந்தத வேறெதோ சொல்லிக்கிட்டிருந்திருக்கார். அதுக்கு மேல பேசாம இருக்கிறதே நல்லதுன்னு முடிவு பண்ணிட்டாராம். கடைசியில பெரிய கான் மோங்கே முன்னாடி நின்னப்போ அங்க கொடுத்த மதுவ மொழிபெயர்ப்பாளர் நிறைய குடிச்சுட்டு உளற, கானுக்கும் கொஞ்சம் ஏறின மாதிரி இருக்க, ரூப்ருக்குக்கு ஒண்ணுமே புரியல.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1889-ல எத்தியோப்பிய பேரரசர் மெனலிக்கும் இத்தாலியும் உச்சாலேல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அம்ஹாரிக்ல ஒரு பிரதி, இத்தாலியன்ல ஒரு பிரதி. 17-வது ஷரத்து அம்ஹாரிக்ல வெளிநாட்டு விவகாரத்துக்கு இத்தாலியோட உதவிய பேரரசர் வாங்கிக்கலாம்னு இருக்கு, இத்தாலியன்ல அவங்க வழியாத்தான் பேசணும்கிற அர்த்தத்துல இருக்கு. இத காட்டி எத்தியோப்பியா எங்க பாதுகாப்புல இருக்கிற நாடுன்னு இத்தாலி உலகத்துக்கு சொல்லிடுச்சு. மெனலிக் ஒப்பந்தத்த தூக்கிப் போட்டார், 1896 மார்ச் 1-ம் தேதி அட்வா சண்டையில இத்தாலிக்கு செம அடி. மொழிபெயர்ப்புல தவறிப்போச்சுன்னு சொல்றாங்க. தவறு எப்பவும் எழுதினவங்களுக்கு சாதகமாவே விழுறது எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கேள்வி: ராஜாக்கள் ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதினது எந்த மொழியில?

பதில்: யாரோடதும் இல்லாத மொழியில, அதாவது ரெண்டு பேருக்கும் பொதுவான மூணாவது மொழியில. எகிப்துல அமர்னாங்கிற இடத்துல 1887-ல களிமண் பலகைகள் கிடைச்சுது, சுமார் 380. கிமு 14-ம் நூற்றாண்டு கடிதங்கள். எகிப்து பார்வோனும் சிரியா, துருக்கி பக்கத்து ராஜாக்களும் பாபிலோனோட அக்காடிய மொழியில எழுதிக்கிறாங்க, பார்வோனுக்கு அது தாய்மொழி இல்ல, எதிர்ல இருக்கிற நிறைய பேருக்கும் இல்ல. அதுல ஒரு கடிதத்தோட அடியில, அர்சாவாங்கிற நாட்டு எழுத்தர் எகிப்து எழுத்தருக்கு தனியா ஒரு வரி சேர்க்கிறார்: இனிமே எனக்கு ஹிட்டைட் மொழியிலயே எழுதுங்க. மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஆன களிமண்ல ஒரு கிளார்க்கோட கஷ்டம்!

பின்னாடி அந்த இடத்த அரமேயம் பிடிச்சுது, பாரசீகப் பேரரசே அதுலதான் ஓடுச்சு. பேரரசு போனப்புறமும் மொழி நின்னுச்சு, அசோகர் காந்தகார்ல வெட்டின கல்வெட்டு கிரேக்கத்துலயும் அரமேயத்துலயும் இருக்கு, தன்னோட பிராகிருதத்த அங்க திணிக்கல.

கிழக்காசியாவுல நடந்ததுதான் எனக்கு ரொம்ப வேடிக்கை. சீனர், ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர், பேசினா ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை புரியாது, ஆனா படிச்சவங்க எல்லாருக்கும் பழைய சீன எழுத்து தெரியும், அதனால பேப்பர நடுவுல வச்சுக்கிட்டு தூரிகையால மாத்தி மாத்தி எழுதியே மணிக்கணக்கா பேசுவாங்க. 1905-ல வியட்நாம் புரட்சிக்காரர் ஃபான் போய் சாவ் ஜப்பானுக்கு போய், அங்க இருந்த சீன அறிஞர் லியாங் சிசாவோவோட சுதந்திரப் போராட்டத்த பத்தி இப்படித்தான் பேசினார். பேசினது அப்படியே பேப்பர்ல நிக்கும், பின்னாடி நான் அப்படி சொல்லலன்னு மாத்தவும் முடியாது.

கேள்வி: சரி, யார் யாரோட மொழிய கத்துக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க?

பதில்: தேவை யாருக்கோ அவங்கதான் கத்துக்கணும், அன்னைக்கும் அதேதான். ஆனா கத்துக்கவே விடாத இடமும் இருந்துச்சு. 1759-ல ஆங்கிலேய கம்பெனியோட ஜேம்ஸ் ஃபிளின்ட் சீன மொழி கத்துக்கிட்டு சீன அரசுக்கு நேரடியா மனு கொடுத்தார், அவருக்கு மக்காவ்ல மூணு வருஷம் சிறை, மனு எழுத உதவின சீனருக்கு மரண தண்டனை. பாஷை தெரிஞ்சா உளவு பாப்பான்னு பயம். அதனால 1792-ல இங்கிலாந்து சீனாவுக்கு அனுப்பின மக்கார்ட்னி தூதுக்குழு கிளம்பினப்போ இங்கிலாந்துல சீனம் தெரிஞ்ச ஆள் கிடைக்கல, இத்தாலியில நேப்பிள்ஸ்ல இருந்த கத்தோலிக்க கல்லூரியில படிச்ச சீன பாதிரியார்கள பிடிச்சிட்டு வந்தாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, லத்தீன் தெரியும், அதனால இங்கிலீஷ்ல இருந்து லத்தீன், லத்தீன்ல இருந்து சீனம். அந்த கப்பல்லயே அவங்ககிட்ட சீனம் கத்துக்கிட்ட 12 வயசு பையன் ஜார்ஜ் ஸ்டான்டன், பேரரசர் கியான்லாங் முன்னாடி ரெண்டு வார்த்தை சீனத்துல பேச, அவர் மகிழ்ந்து தன் இடுப்புல இருந்த பைய எடுத்து பையனுக்கு கொடுத்தார். மறுபடி ஒரு பையன், பாருங்க.

ஜப்பான் இன்னும் கெட்டிக்காரத்தனம். நாகசாகி பக்கத்துல ஒரு குட்டித் தீவுல டச்சுக்காரங்கள 1641-ல இருந்து அடைச்சு வச்சு, நீங்க ஜப்பானிய மொழி கத்துக்கிட்டு கிழிக்க வேணாம், எங்க ஆளுங்க டச்சு கத்துக்குவாங்கன்னு, அப்பா, புள்ள, பேரன்னு பரம்பரையா மொழிபெயர்ப்பாளர் குடும்பங்கள வச்சிருந்தாங்க. 1853-ல அமெரிக்க கப்பல் படையோட பெர்ரி வந்து நின்னப்போ ஜப்பான் பக்கத்துல இருந்து படகுல போன மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷ்ல சொன்ன வாக்கியம், தனக்கு டச்சு பேச வரும்ங்கிறதுதான். அமெரிக்கர்களும் டச்சு தெரிஞ்ச ஆள் கொண்டு வந்திருந்தாங்க, கதை ஓடிடுச்சு.

வெனிஸ்காரங்க வேற மாதிரி மாட்டிக்கிட்டாங்க. துருக்கி சுல்தான்கிட்ட பேச உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள நம்பியே இருந்தாங்க, அந்த ஆளோ சுல்தானோட குடிமகன், சுல்தானுக்கு கோபம் வர்ற மாதிரி எதையாவது மொழிபெயர்த்தா தலை அவருதுதான் போகும், அதனால காரமான வரியெல்லாம் காணாமப் போயிடும். 1551-ல இருந்து வெனிஸ் தன் பசங்களயே கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பி துருக்கி மொழி படிக்க வச்சுது, 1669-ல பிரான்ஸும் அதே வழிக்கு வந்துச்சு. புதுச்சேரியில துய்ப்ளேக்கு துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி ஆளுங்களுக்கு ஏன் அவ்வளவு செல்வாக்கு வந்துச்சுன்னும் இதுலயே தெரியும், கவர்னர் காதுக்கு எது போகணும் எது போகக்கூடாதுங்கிறது பாதி அவங்க கையில.

கேள்வி: ரெண்டு மொழியும் கலந்து பேசினா இப்போ திட்டுறாங்க. அப்போ?

பதில்: அப்போ அதுல வயிறு நிறைஞ்சுது. நார்வேயோட வடக்கு கோடிக்கு ரஷ்யாவுல இருந்து மாவு கொண்டு வந்து மீன் வாங்கிட்டுப் போவாங்க. ரெண்டு பக்கமும் சேர்ந்து ரஸ்ஸநோர்ஸ்க்னு ஒரு கலவை பாஷைய உருவாக்கிக்கிட்டாங்க, நமக்கு கிடைச்சிருக்கிறது சுமார் 400 வார்த்தை. இலக்கணம்னு பெருசா ஒண்ணுமில்ல, ஒரே ஒரு இடைச்சொல்ல எல்லா இடத்துக்கும் போட்டு ஓட்டிடுவாங்க. ரெண்டு பேருமே தான் அடுத்தவன் பாஷையத்தான் பேசறோம்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்கன்னு சொல்றாங்க, எனக்கு இது ரொம்ப பிடிச்சிருக்கு. யாரும் யாரையும் அடக்கி வைக்கல, மீனும் மாவும் சமம், அதனால வார்த்தைகளும் ஏறக்குறைய பாதிக்கு பாதி. 1917 புரட்சிக்கு அப்புறம் வியாபாரம் நின்னுச்சு, பாஷையும் போச்சு.

கரீபியன் பக்கத்து அடிமைத் தோட்டங்கள்ல அப்படி இல்ல. ஆப்பிரிக்காவுல வேற வேற மொழி பேசினவங்கள அடிமையா ஒரே இடத்துல கொண்டு வந்து போட்டா, அவங்களுக்குள்ள பேசிக்கவே முதலாளியோட பாஷையில இருந்து வார்த்தை எடுக்க வேண்டியதாச்சு. ஆனா அவங்க குழந்தைங்க அதையே தாய்மொழியா பேசி முழு மொழியா வளர்த்துட்டாங்க, ஹைட்டியோட கிரியோல் 1987-ல இருந்து அந்த நாட்டு ஆட்சி மொழி. 800-க்கு மேல மொழி இருக்கிற பாப்புவா நியூ கினியில ஊர விட்டு ஊர் பேச உதவுற டோக் பிசினும் இப்படி கலவையா ஆரம்பிச்சதுதான். கொச்சைன்னு திட்டுறவங்ககிட்ட இத சொல்லுங்க.

கேள்வி: சைகை மொழி உலகம் முழுக்க ஒண்ணுதானே? அதையே எல்லாரும் வச்சுக்கிட்டிருக்கலாமே!

பதில்: ஒண்ணு இல்ல. பல்கேரியாவுல தலைய மேலயும் கீழயும் ஆட்டினா இல்லைன்னு அர்த்தம். வட அமெரிக்க சமவெளியில பல பழங்குடி ஜனங்க பொதுவா ஒரு கைமொழி வச்சிருந்தாங்க, அதுல கதை சொல்லலாம், பேரம் பேசலாம், சமாதானம் பேசலாம், ஆனா அதையும் உக்காந்து கத்துக்கிட்டாத்தான் வரும். 1930-ல மொன்டானாவுல பல இனத் தலைவர்கள் ஒண்ணு கூடி கையாலயே பேசினத படம் பிடிச்சு வச்சிருக்காங்க.

கேள்வி: ஒரே கல்லுல மூணு மொழியில எழுதினா மூணும் ஒரே விஷயத்தத்தான் சொல்லுமா?

பதில்: எப்பவும் இல்ல! கிமு 196-ம் வருஷத்து ரொசெட்டா கல் ஒரே ஆணைய மூணு எழுத்துல சொல்லுது, அதனாலதான் 1822-ல பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியனால எகிப்து எழுத்த உடைக்க முடிஞ்சுது. ஆனா இலங்கையில காலி நகரத்துல 1911-ல ஒரு மதகுக்கு மூடியா கிடந்த கல்ல பாருங்க. சீனத் தளபதி செங் ஹே கொண்டு வந்து வச்சது, 1409 தேதி போட்டிருக்கு, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி. சீனத்துல புத்தருக்கு காணிக்கை, தமிழ்ல தென்னாவர நாயனாருக்கு, அதாவது திருமாலுக்கு, பாரசீகத்துல அல்லாவுக்கு. காணிக்கைப் பட்டியல் மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 1000 பொன், 5000 வெள்ளி, பட்டுன்னு போகுது, பேர் மட்டும் மாறுது. அந்தத் தீவுல நிறைய பேர் பேசற சிங்களம் கல்லுல இல்ல, அதப் பாத்தா இது ஊர் ஜனங்களுக்கு இல்ல, துறைமுகத்துல இருந்த வியாபாரிங்களுக்கு சொன்ன சேதின்னுதான் எனக்குத் தோணுது. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க சாமி பேர் சொல்லி பேசத் தெரிஞ்ச ஆள் செங் ஹே பக்கத்துல இருந்திருக்கார், அவர் பேர் கல்லுல இல்ல.

கேள்வி: எல்லாருக்கும் ஒரே மொழி இருந்திருந்தா இந்த அவஸ்தையே இல்லையே?

பதில்: கொலம்பியா, பிரேசில் எல்லையில வௌபேஸ் ஆத்துப் பக்கம் ஜனங்க, தன் மொழி பேசறவங்கள கல்யாணம் பண்ணக்கூடாதுன்னே வச்சிருக்காங்க, அது அண்ணன் தங்கச்சி முறை ஆயிடும். அம்மாவுக்கு ஒரு பாஷை, அப்பாவுக்கு ஒரு பாஷை, சித்திக்கு வேறொண்ணு, ஒரே வீட்டுக்குள்ள நாலஞ்சு ஓடும், குழந்தைங்க எல்லாத்தையும் சாதாரணமா பேசும். ஆஸ்திரேலியாவோட வடக்கு கரையில இன்னொரு வழக்கம், ரெண்டு பேர் பேசும்போது அவங்கவங்க தன் தன் மொழியிலயே பேசிக்குவாங்க, எதிராளி மொழி புரியும், ஆனா அதுல பேச மாட்டாங்க. அங்க போய் மொழி தடைன்னு சொன்னா எந்த தடைன்னு கேப்பாங்க.

கேள்வி: ஐநா சபையில காதுல மாட்டிக்கிட்டு உடனே உடனே கேக்கறாங்களே, அது எப்போ வந்துச்சு?

பதில்: பெரிய அளவுல ஓட ஆரம்பிச்சது 1945 நவம்பர்ல நியூரம்பர்க்ல, நாஜி தலைவர்கள் மேல நடந்த விசாரணையில. அதுவரைக்கும் ஒருத்தர் பேசி முடிச்சு நிறுத்துவார், அப்புறம் இன்னொருத்தர் எழுந்து முழுசையும் திருப்பி சொல்வார், நாலு மொழியில அப்படி பண்ணியிருந்தா விசாரணை எப்போ முடியுமோ. ஐபிஎம் கம்பெனியோட ஹெட்போன், மைக் வச்சு இங்கிலீஷ், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நாலும் ஒரே நேரத்துல ஓடுச்சு. பேசறவர் வேகமா போனா மஞ்ச லைட் எரியும், மெதுவா பேசுங்கன்னு அர்த்தம். சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும், ஜட்ஜா இருந்தாலும் சரி, குற்றவாளிக் கூண்டுல இருந்தாலும் சரி.